கொம்பில் எழுதிய பெயர்கள்



அமெரிக்க விடுதலைப் போரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் வகுப்பில் கற்பித்திருக்கிறேன். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்த கதை, 1776-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4-ஆம் நாள் வெளியான பிரகடனம், வாஷிங்டனின் பொறுமை, 1781-இல் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரண் புகுந்தமை ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் என் கடமை முடிந்தது என்று எண்ணியிருந்தேன். ஒரு நாள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வாஷிங்டன் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. ஜெபர்சன் எழுதியவையும் இருக்கின்றன. துப்பாக்கி தூக்கிப் போன குடியானவன் ஏதேனும் எழுதி வைத்தானா?" என்று கேட்டான். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். ஆசிரியராய் இருந்தவர் அனைவரும் என்றேனும் ஒரு நாள் சொல்லியிருக்கக்கூடிய விடைதான் அது. அந்த 'நாளை' வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவன் பள்ளியை விட்டுப் போய்விட்டான். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன்.

விடை ஒரு நூலகத்தில் கிடைத்தது. நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் படைக்கலப் பகுதியின் காப்பாளராக இருந்த கிரான்சே என்பவர், 1945-ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அது மன்னர்களைப் பற்றியதன்று, தளபதிகளைப் பற்றியதுமன்று, மாட்டுக் கொம்புகளைப் பற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியானவர்கள் வெடிமருந்து வைத்துக்கொள்ளத் தோளில் மாட்டியிருந்த கொம்புகள் அவை. பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள், ஆண்டுகள், ஊர்கள், கோட்டைகள், ஆறுகள், மீன்கள், மான்கள். மாணவன் கேட்ட கேள்விக்கு விடை கொம்பின் மேல் கத்திமுனையால் எழுதப்பட்டிருந்தது.

வெடிமருந்துக் கொம்பு எதற்குத் தேவைப்பட்டது என்பதை முதலில் கூறிவிடுகிறேன். அக்காலத்துத் துப்பாக்கி, வாய்வழியாக மருந்து இடும் துப்பாக்கி. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்த கருமருந்தை ஒவ்வொரு முறையும் அளந்து குழலுக்குள் கொட்ட வேண்டும். அதன்மேல் ஈயக் குண்டை வைத்துக் கோலால் இடித்து இறக்க வேண்டும். பிறகு, பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மருந்து வைத்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் பற்றவைக்க வேண்டும். மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் தடி. பொறி பட்டாலோ வைத்திருப்பவனுக்கே ஆபத்து. ஆகவே நீர் புகாத, பொறி எழுப்பாத, தோளில் தொங்கினால் சுமை தெரியாத, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாத ஒரு கலம் வேண்டியிருந்தது. மட்கலம் உடையும்; இரும்பு துருப்பிடிக்கும், பொறியும் எழுப்பும்; தோற்பை நனையும். இயற்கையே செய்து கொடுத்த கலம் ஒன்று ஒவ்வொரு பண்ணைத் தொழுவத்திலும் இருந்தது.

மாட்டுக் கொம்பு நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. கெராட்டின் என்பது அதன் அறிவியற் பெயர். உள்ளே எலும்பாலான ஒரு தண்டு இருக்கும். அதனை அகற்றிவிட்டால் வெளியுறை கூம்பு வடிவில் தனியே வந்துவிடும். மானின் கொம்பு அத்தகையதன்று. அது முழுதும் எலும்பு. ஐரோப்பாவில் மான்கொம்பைக் குடைந்து, சிற்ப வேலை செய்து, வெள்ளிப் பூண் கட்டிய மருந்துக் குப்பிகளும் உண்டு. அவை வேட்டைக்குச் சென்ற பிரபுக்களின் இடுப்பில் தொங்கியவை. கைதேர்ந்த தொழிலாளர் செய்து கொடுத்தவை. நான் பேசவந்தது அவற்றைப் பற்றி அன்று. குளிர்காலத்தில் அடுப்பங்கரையில் அமர்ந்து குடியானவன் தானே செய்துகொண்ட கொம்பைப் பற்றியே பேசுகிறேன்.

தானே செய்துகொள்ள வேண்டிய தேவை அவனுக்கு இருந்தது. அந்நாளைய அமெரிக்கக் குடியேற்றங்களில் சம்பளப் படை குறைவு; ஊர்க் காவற்படையே பெரிது. மாசச்சூசெட்ஸ் போன்ற இடங்களில் 16 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் பொதுவாக அதில் சேர வேண்டியவர்கள். (என் வயதினர் தப்பித்திருப்போம்.) துப்பாக்கியும் மருந்தும் அவரவர் கொண்டுவர வேண்டும். நாடு விடுதலை பெற்ற பின்னரும் இம்முறை நீடித்தது. 1792-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய காவற்படைச் சட்டத்தில், ரைபிள் வைத்திருப்பவன் குண்டுப் பை, மருந்துக் கொம்பு, துப்பாக்கியின் துளைக்கு ஏற்ற 20 குண்டுகள், கால் பவுண்டு மருந்து ஆகியவற்றைத் தானே வைத்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மாட்டுக் கொம்பு ஒரு நாட்டின் சட்டத்தில் இடம்பெற்றது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எழுதியவர்களுக்கு அது வேடிக்கையன்று. அவர்களுள் பலர் அப்போரை நேரில் கண்டவர்கள்.

இனி, செய்யும் முறை. நூலில் படித்ததோடு நிற்க மனம் வராமல், ஓய்வு பெற்ற மறு ஆண்டு எங்கள் ஊரில் இறந்துபோன ஓர் எருதின் கொம்புகளை வாங்கிவந்து நானே முயன்று பார்த்தேன். ஆகையால் இப்பகுதியைச் சற்று விரித்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் கொம்பை நீரில் நெடுநேரம் கொதிக்க வைக்க வேண்டும். அப்போது உள்ளே இருக்கும் எலும்புத் தண்டு இளகிக் கழன்று வரும். சிலர் கொதிக்க வைக்காமல் பல வாரம் அப்படியே போட்டுவைத்து, அழுகித் தளர்ந்தபின் தட்டி எடுப்பதும் உண்டு. கொதிக்கும் கொம்பின் நாற்றம் மயிர் பொசுங்கும் நாற்றத்தைப் போன்றது, அதனினும் கொடியது. என் மனைவி அடுப்பையும் என்னையும் மாட்டுக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டாள். அது நியாயமே. பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்க இல்லத்தரசிகளும் வேறு விதமாக நடந்துகொண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது நுனியில் துளையிடுதல். கொம்பின் நுனிப்பகுதி உள்ளீடற்றது அன்று. ஒரு சாண் அளவுக்குக் கூடக் கெட்டியாக இருக்கலாம். ஒரு கம்பியை அகன்ற வாய்வழியே உள்ளே விட்டு, உட்குழி எங்கே முடிகிறது என்று அளந்து, அந்த அளவை வெளியே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் நுனியைச் சிறிது அறுத்துவிட்டு, துறப்பணத்தால் உட்குழியை நோக்கித் துளைக்க வேண்டும். கொம்பு வளைந்தது, துறப்பணம் நேரானது. இங்கேதான் தொழில் தெரிந்தவனும் தெரியாதவனும் பிரிகிறார்கள். என் முதற் கொம்பில் துளை உட்குழிக்குப் போய்ச் சேராமல் பக்கவாட்டில் வெளியே வந்துவிட்டது. இரண்டாவது கொம்பு அதனினும் வளைந்தது. ஆயினும் முதலாவது கற்பித்த பாடத்தால் அது பிழைத்தது.

அகன்ற வாயை மூடுவது மூன்றாம் வேலை. எந்த மாட்டின் கொம்பும் அடிப்பக்கத்தில் சரியான வட்டமாக இராது. வெந்நீரில் மறுபடி ஊறவைத்துச் சூடேற்றினால் கொம்பு தோல்போல இளகும்; அப்போது கூம்பாகக் கடைந்த ஒரு மரக்கட்டையை உள்ளே செலுத்தினால் வாய் வட்டமாகிவிடும். ஆறியபின் அவ்வடிவமே நிலைக்கும். பைன், மேப்பிள் போன்ற மரங்களில் மூடி செதுக்கி, அதனைப் பொருத்தி, சுற்றிலும் மர ஆணியோ சிறு இரும்பாணியோ அடித்து, இடுக்குகளில் தேன்மெழுகு பூசுவர். மழையில் நனைந்தாலும், ஆற்றைக் கடக்கும்போது நீரில் முழுகினாலும் உள்ளே ஈரம் போகாது. நுனித் துளைக்கு ஒரு மரமுளை. நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு பள்ளமும், அடிமூடியில் ஒரு குமிழோ வளையமோ இருக்கும். அவற்றில் வாரைக் கட்டித் தோளில் மாட்டிக்கொள்வர். கொம்பின் வளைவு விலாவோடு ஒட்டிக்கொள்ளும். இடக்கொம்பு ஒரு பக்கத்துக்கும் வலக்கொம்பு மறுபக்கத்துக்கும் இசையும் என்பதை அதனை மாட்டிப் பார்த்த பிறகே அறிந்தேன்.

பிறகு சுரண்டும் வேலை. மாட்டின் தலையில் இருக்கும்போது கொம்பின் மேற்பரப்பு முரடாகவும் மங்கலாகவும் இருக்கும். அரத்தால் ராவி, கத்தியால் சுரண்டி, இறுதியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் இழைக்க வேண்டும். நகச்சீவல் போன்ற சுருள்கள் வந்துகொண்டே இருக்கும். போதிய அளவு மெலிந்ததும் விளக்கின் முன் பிடித்தால் ஒளி ஊடுருவுவதைக் காணலாம். பொழுதுபோக்குக்காக மட்டும் குடியானவன் அப்படி மெலிய வைக்கவில்லை. மெலிந்தால் சுமை குறையும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் உள்ளே மருந்து எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்றும் தெரியும்.

வழவழப்பான அந்த மஞ்சள் நிறப் பரப்பைக் கண்டால் யாருக்கும் ஏதேனும் எழுதத் தோன்றும். ஊசியாலோ பேனாக்கத்தியின் முனையாலோ கோடு கீறி, அதில் விளக்குப்புகைக் கரியையோ கொழுப்பில் குழைத்த கரித்தூளையோ தேய்த்துவிட்டுத் துடைத்தால், கோடுகளில் மட்டும் கருமை தங்கிவிடும். வெடிமருந்தையே நனைத்துத் தேய்த்தவர்களும் உண்டு. எழுத வேண்டிய அவசியமும் ஒன்று இருந்தது. ஒரே படைப்பிரிவில் நூற்றுக்கணக்கான கொம்புகள். எல்லாம் ஒரே சாயல். மருந்து நிரப்புவதற்காக ஓரிடத்தில் குவித்தால் எது யாருடையது என்று தெரிய வேண்டாவா? அதனால் பெயர் முதலில் வந்தது. பெயருக்குப் பின் இடம் வந்தது. இடத்துக்குப் பின் நாள் வந்தது. பெரும்பாலான கொம்புகளில் காணும் வாசகம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும்: இன்னார், அவர் கொம்பு, இன்ன முகாமில் செய்தது, இன்ன திங்கள், இன்ன ஆண்டு. அவ்வளவே. ஆனால் ஒரு வரலாற்று மாணவனுக்கு அந்த மூன்று செய்திகளே போதும். அந்த ஆள், அந்த இடத்தில், அந்த மாதத்தில் இருந்தான் என்பதற்கு அவன் கையே சாட்சி.

எழுத்துப் பிழைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் தலைமையாசிரியன் அல்லேன். அப்பிழைகள் ஏராளம். காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். ஒரே ஊரின் பெயர் நான்கு கொம்பில் நான்கு விதமாக இருக்கும். ஆங்கிலத்து 'என்' எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திருப்பிப் போட்டவர்கள் உண்டு. பெயரின் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதனை மேலே தூக்கி வைத்தவர்களும் உண்டு. வாழ்நாளெல்லாம் சிவப்பு மையால் பிழை திருத்திய என் கை, இவற்றைக் கண்டபோது எழவில்லை. பிழையே இவற்றின் உண்மைக்குச் சான்று. படித்த எழுத்தர் ஒருவர் உட்கார்ந்து திருத்தி எழுதியவை அல்ல இவை.

பிழையுடனாவது எழுதத் தெரிந்திருந்ததே, அதற்கும் ஒரு காரணம் உண்டு. மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1647-ஆம் ஆண்டிலேயே, 50 குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் எழுதவும் படிக்கவும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். சட்டத்தை எல்லா ஊர்களும் ஒழுங்காகப் பின்பற்றவில்லை. அபராதம் கட்டித் தப்பித்த ஊர்களும் உண்டு. எனினும் நூறு ஆண்டுகளில் அதன் பயன் தெரிந்தது. இங்கிலாந்திலும் குடியேற்றங்களிலும் குழந்தைகள் கையில் பிடித்துப் படித்த முதற்பாடம், கைப்பிடி உள்ள சிறு பலகை ஒன்றில் ஒட்டிய தாள். அதில் நெடுங்கணக்கு இருக்கும். குழந்தையின் விரல் அழுக்குப் படாதபடி அத்தாளின்மேல் கண்ணாடிபோல் மெலிதாகச் சீவிய கொம்புத் தகடு ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதனால் அப்பலகைக்கே கொம்புப் புத்தகம் என்று பெயர். குழந்தைப் பருவத்தில் கொம்பின் வழியே எழுத்தைக் கண்டவர்கள், போருக்குப் போனபோது கொம்பின்மேல் எழுத்தைக் கீறினார்கள்.

இக்கலை செழித்த காலம் விடுதலைப் போருக்கும் முந்தியது. 1754 முதல் 1763 வரை வட அமெரிக்காவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் பெரும் போர் நடந்தது. இரு பக்கத்திலும் அந்நாட்டுப் பழங்குடி மக்கள் சேர்ந்து போரிட்டனர். குடியேற்றத்து விவசாயிகள் அப்போது ஆங்கில மன்னருக்காகவே துப்பாக்கி ஏந்தினர். நியூயார்க்கிலிருந்து ஹட்சன் ஆற்றின் வழியே வடக்கே ஆல்பனி. அங்கிருந்து எட்வர்டு கோட்டை. பின்னர்த் தரைவழியாக ஜார்ஜ் ஏரி. ஏரியைக் கடந்தால் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த டைகாண்டெரோகா, கிரௌன் பாயிண்ட். அதற்கும் அப்பால் கனடா. இந்த நீர்வழியைப் பிடிப்பதற்கே ஆண்டுக்கணக்கில் சண்டை. தன் ஊரைவிட்டு ஐம்பது மைல் போயிராத இளைஞர்கள், காடுகளின் நடுவே கோட்டை கட்டவும் காவல் காக்கவும் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. போர் என்றால் நாள்தோறும் சண்டை என்று நாம் நினைக்கிறோம். பெரும்பகுதி நாட்கள் காத்திருத்தலிலேயே கழியும். மண் வெட்டுவதும், மரம் சாய்ப்பதும், நோயில் படுப்பதும், காத்திருப்பதும்தான் முகாம் வாழ்க்கை. அந்தக் காத்திருப்பில் பிறந்தவை இக்கொம்புகள்.

அவற்றுள் மிகச் சிறந்தவை வரைபடக் கொம்புகள். கொம்பின் அகன்ற பக்கத்தில் நியூயார்க் நகரமும் அதன் துறைமுகத்துக் கப்பல்களும் இருக்கும். அங்கிருந்து ஹட்சன் ஆறு கொம்பைச் சுற்றி வளைந்து நுனியை நோக்கி ஏறும். மொஹாக் ஆறு பக்கத்தில் பிரியும். ஆங்காங்கே நட்சத்திரம்போல் கோட்டைகள். சிறு குழந்தை வரைந்தது போன்ற வீடுகள். மேலே ஆங்கில மன்னரின் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும். நல்ல வரைபடம் கிடைப்பது அரிதாயிருந்த அக்காலத்தில், வீரர்கள் இக்கொம்பைப் பார்த்தே வழி கண்டனர் என்று சிலர் எழுதியிருக்கின்றனர். எனக்கு அது ஐயமாகவே படுகிறது. பல கொம்புகளின் வரைபடம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல ஒத்திருக்கிறது. தொலைவுகளும் அளவுப்படி இல்லை. வழி தேடுவதற்காக அன்று, போய்வந்த வழியை வீட்டாருக்குக் காட்டுவதற்காகவே அவன் அதனைச் சுமந்தான் என்று கொள்வது பொருந்தும். தீர்த்த யாத்திரை போய்வந்தவர் படம் வாங்கி வந்து சுவரில் மாட்டுவதைப் போன்றது அது.

எல்லோரும் தம் கொம்பில் தாமே எழுதவில்லை என்பதையும் கூற வேண்டும். படிக்கத் தெரிந்தும் எழுத வராதவர்கள் அக்காலத்தில் பலர். ஏனெனில் பள்ளியில் முதலில் வாசிப்பைக் கற்பித்துவிட்டு, எழுத்தைப் பின்னரே கற்பித்தார்கள். அதற்குள் பிள்ளை வயலுக்குப் போய்விடுவான். எழுத்து அழகாக வரும் தோழன் ஒருவன் முகாமில் இருந்தால் அவனிடம் கொடுத்துச் செதுக்கிக்கொள்வார்கள். அத்தகைய ஒருவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

இருபது ஆண்டுகளில் காலம் தலைகீழாக மாறியது. மன்னருக்காகப் போரிட்டவர்களும் அவர்தம் மக்களும் மன்னரையே எதிர்த்து நின்றனர். 1774-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆங்கில அரசு அமெரிக்காவுக்கு வெடிமருந்தும் ஆயுதமும் ஏற்றுமதி செய்வதைத் தடுத்துவிட்டது. 1775 ஏப்ரல் 19-ஆம் நாள், கான்கார்டு என்னும் ஊரில் குடியானவர் சேர்த்துவைத்திருந்த படைக்கலங்களைக் கைப்பற்றப் பாஸ்டனிலிருந்து ஆங்கிலப் படை வந்தது. லெக்சிங்டனில் முதற்குண்டு வெடித்தது. அன்று தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச்சு வரை பாஸ்டன் நகரை ஆயிரக்கணக்கான ஊர்க்காவற்படையினர் முற்றுகையிட்டிருந்தனர். ராக்ஸ்பரி, கேம்பிரிட்ஜ், வின்டர் ஹில் முதலிய முகாம்களின் பெயர் பொறித்த கொம்புகள் இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

இங்கே ஒரு செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. 1775 ஆகஸ்டுத் திங்களில், படைத் தலைமை ஏற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த வாஷிங்டன், கையிருப்பில் உள்ள மருந்தைக் கணக்கெடுக்கச் சொன்னார். ஆளுக்கு ஒன்பது முறை சுடுவதற்குமேல் மருந்து இல்லை என்று தெரியவந்தது. அதனை எதிரி அறிந்திருந்தால் முற்றுகை அன்றே முடிந்திருக்கும். ஆகவே செய்தியை மறைத்தனர். அக்குன்றுகளின்மேல் அமர்ந்து, தன் கொம்பில் வளைகொடியும் பறவையும் பொறுமையாகச் செதுக்கிக்கொண்டிருந்த இளைஞனை எண்ணிப் பாருங்கள். வெளியே நிறைந்த சித்திரம். உள்ளே அநேகமாக ஒன்றுமில்லை.

மருந்து ஏன் இல்லை? மூன்று பொருள்களுள் கரி எங்கும் கிடைக்கும். கந்தகமும் எப்படியேனும் கிடைக்கும். நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு வேண்டிய வெடியுப்பே அருமையானது. ஆங்கிலேயரின் வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பில் பெரும்பங்கு நம் நாட்டுப் பீகார்ப் பகுதியிலிருந்தே போயிற்று. ஊர்ப்புறத்து மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுக்கும் வேலை அது. 1757-ஆம் ஆண்டுப் பிளாசிப் போருக்குப் பின் அவ்வாணிகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை ஆயிற்று. ஆகவே ஜார்ஜ் ஏரிக்கரையில் நின்ற குடியானவனின் கொம்பில், கங்கைக்கரை மண்ணிலிருந்து எடுத்த உப்பும் கலந்திருத்தல் கூடும். நம் பாடநூல்களில் பிளாசியும் பாஸ்டனும் வெவ்வேறு பாடங்களில் இருக்கின்றன. வகுப்பில் நானும் அவற்றை இணைத்துச் சொன்னதில்லை.

பாஸ்டன் காலத்துக் கொம்புகளில் வேறொரு குரல் கேட்கிறது. முன்னைய கொம்புகளில் இருந்த மன்னர் சின்னம் மறைந்து, விடுதலை என்னும் சொல் தோன்றுகிறது. ஜேம்ஸ் பைக் என்ற பெயர் பொறித்த கொம்பு ஒன்று சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் ஆங்கிலப் படையினர், மறுபக்கம் குடியேற்றத்து வீரர்கள், நடுவே விடுதலை மரம். முதலில் தாக்கியவர் யார், தற்காத்தவர் யார் என்பதையும் எழுதி, ஏப்ரல் 19 என்ற நாளையும் குறித்திருக்கிறது. பிரகடனத்தில் ஜெபர்சன் எடுத்துரைத்த வழக்கின் சாரம் அங்கே உள்ளங்கை அகலத்தில் இருக்கிறது.

போர்கள் முடிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்பு, பித்தளைக் குப்பிகள் வந்தன. பின்னர் மருந்தும் குண்டும் ஒன்றாய் அடைத்த உலோகத் தோட்டா வந்தது. கொம்புக்கு வேலை இல்லாமற் போயிற்று. பரணில் கிடந்து, புழு துளைத்து, பிள்ளைகள் விளையாடி உடைத்து, பல அழிந்தன. அந்நிலையில் அவற்றைத் தேடிப் போனவர் ஒருவர் ஆசிரியர் என்பதைச் சொல்லுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ரூபஸ் கிரைடர் என்பது அவர் பெயர். பென்சில்வேனியாவில் 1817-இல் பிறந்தவர். 1880-களில், அறுபது வயதைக் கடந்தபின், மொஹாக் பள்ளத்தாக்கில் உள்ள கனஜோஹரி என்ற சிற்றூரின் பள்ளியில் ஓவிய ஆசிரியராக வேலை பார்த்தார். பழங்கொம்பு எங்கே உண்டு என்று அறிந்தாலும் அதனைக் கண்டு, நீர்வண்ணத்தில் படம் எழுதினார். கொம்பைச் சுற்றி ஓடும் செதுக்கலைத் தாளில் விரித்து, ஒரே பார்வையில் முழுதும் தெரியும்படி தீட்டினார். பிழைகளையும் இருந்தவாறே எழுதினார். 1900-இல் அவர் மறையும்போது ஏறத்தாழ 500 கொம்புகளின் படங்கள் சேர்ந்திருந்தன. அவை இன்று நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஓய்வு பெற்றபின் என்ன செய்வது என்று என்னிடம் கேட்கும் ஆசிரியர்களுக்கு நான் கிரைடரின் கதையைச் சொல்வது வழக்கம்.

கிரைடருக்குப் பின் சேகரிப்போர் பெருகினர், விலை ஏறியது, விலை ஏறியதும் பொய்யும் வந்தது. எழுத்தில்லாத பழங்கொம்பு ஒன்றை எடுத்து, அதில் புகழ்பெற்ற கோட்டையின் பெயரையும் பழைய ஆண்டையும் புதிதாகக் கீறி விற்பவர்கள் தோன்றினர். கொம்பு பழையதுதான், எழுத்து நேற்றையது. இதனைக் கண்டுபிடிக்க வல்லுநர் பல வழிகளைக் கையாள்கின்றனர். உடம்பை உரசிய பக்கத்தில் செதுக்கல் தேய்ந்திருக்கிறதா, கோட்டின் விளிம்பு மழுங்கியிருக்கிறதா, பொறித்த பெயருடையவர் அந்த ஆண்டில் அந்தப் படையில் இருந்ததாகப் பெயர்ப்பட்டியல் கூறுகிறதா என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கின்றனர். பொய்க்கொம்பினால் ஏமாறுபவர் வாங்கும் செல்வர் மட்டுமல்லர். அங்கே இல்லாத ஒருவனை அங்கே இருந்ததாக அது காட்டுகிறது. அதனால் உண்மையாகவே அங்கே நின்றவனின் சொல்லும் ஐயத்துக்கு உள்ளாகிறது. நாணயமுள்ள கைவினைஞர்கள் இதை உணர்ந்தவர்கள். பழைய துப்பாக்கிகளில் ஆர்வமுள்ளோர் சங்கம் ஒன்று அமெரிக்காவில் 1933-இல் தோன்றியது முதல், வீட்டிலேயே கொம்பு செய்யும் பழக்கம் மீண்டும் தலையெடுத்தது; இன்றும் பலர் அழகாகச் செய்கின்றனர். அவர்களுள் நல்லவர்கள் தம் சொந்தப் பெயரையும் செய்த ஆண்டையும் மறவாமல் பொறித்துவிடுகின்றனர். என் கொம்பிலும் அவ்வாறே செய்திருக்கிறேன். ஊர்ப் பெயரின் கடைசி எழுத்துக்கு இடம் போதவில்லை.

முன்னர்ச் சொல்வதாகக் கூறிய அந்த மனிதருக்கு வருகிறேன். ஜான் புஷ் என்பது அவர் பெயர். மாசச்சூசெட்ஸில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரினர். அடிமை அல்லாத கறுப்பின மனிதர். நாட்டில் அடிமைமுறை நிலவிய காலம் அது. 1755-இல் காவற்படையில் சேர்ந்து ஜார்ஜ் ஏரிக்குச் சென்றார். ஏரியின் தென்கரையில் வில்லியம் ஹென்றி கோட்டை எழும்பிக்கொண்டிருந்த அந்த இலையுதிர் காலத்தில், தோழர்களும் அதிகாரிகளும் தம் கொம்புகளை அவரிடம் கொடுத்தனர். எழுத்துப் பயிற்சி ஏட்டில் காணும் அழகிய வளைவுகளோடு பெயர்களை எழுதி, சுற்றிலும் கொடியும் இலையுமாக அவர் அணி செய்தார். பின்வந்த செதுக்குநர் பலர் அவரைப் பின்பற்றினர். இன்று ஆய்வாளர்கள் அந்த எழுத்தின் போக்கைக் கொண்டே அவர் வேலையை இனங்காண்கின்றனர். 1757 ஆகஸ்டு 9-ஆம் நாள் அக்கோட்டை பிரெஞ்சுத் தளபதி மான்ட்கமிடம் வீழ்ந்தபோது புஷ் சிறைப்பட்டார். அவர் ஊர் திரும்பவில்லை. அவர் செதுக்கிய கொம்புகள் சில அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றில் பெரிய எழுத்தில் இருப்பவை, அவற்றை வாங்கிக்கொண்டவர்களின் பெயர்கள்.